ஆணி அடிக்காத சுவர்

என் மனிசன் தியாகராசாவுக்குச் சுவரில் ஆணி அடிப்பது பிடிக்காது. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த மாடி வீட்டின் எந்தச் சுவரிலும், முப்பது வருசத்துக்கு மேலாக, ஒரு ஆணி கூட இல்லை. பிள்ளையார் படமும் முருகன் படமும் ஸ்டூலின் மேல் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கலண்டர் பிரிட்ஜின் கைபிடியில் தொங்குகிறது. பால் எடுக்கக் கதவைத் திறந்தால் அதுவும் கூட வரும். எங்கள் கலியாணப் படம் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வீடு மாறினீர்களா என்று கேட்பார்கள். நான் ஓம் என்றுவிடுவேன். விளக்கம் சொல்லப் போனால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

விளக்கம் என்று பார்த்தால் ஒரே ஒரு வசனம்தான். "போகப்போற வீடு, பாலேஸ். சுவரைப் பழுதாக்கக் கூடாது." வந்த புதிதில் கலண்டர் மாட்ட ஒரு ஆணி கேட்டபோது இவர் சொன்னது. அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டேனோ அத்தனை தடவையும் அதே வசனம்தான் வந்தது. பழைய வீட்டுக்காரர் ஸஹாப்தீன் ஹாஜியார், இப்படி ஒரு வாடகைக்காரரைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். ஒருநாள் அவரே மேலே வந்து, இந்த வீட்டை நீங்களே வாங்குங்கள், காசை ஆறுதலாகத் தாருங்கள் என்று கேட்டார். போகிற எங்களுக்கு இது எதற்கு ஹாஜியார் என்று இவர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க நான் இவரோடு கதைக்கவில்லை.

எங்கே போகப்போகிறோம் என்றால், வலிகாமம் வடக்கில், கடலுக்குக் கிட்ட இருக்கும் என் வீட்டுக்கு. என் வீடு என்று அழுத்தித்தான் சொல்கிறேன். அது அப்பா எனக்குத் தந்த சீதன வீடு. காணி உறுதி என் பெயரில் இருக்கிறது. அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சீமெந்தில் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது. நிலத்துக்குப் பச்சைச் சாயம் போட்டு, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்க்க வைத்தார். யன்னல் கம்பிகளுக்கு நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ‘பா’ என்ற எழுத்தை வளைத்து ஒட்டச் சொன்னார். எல்லா யன்னலிலும் நான்தான். யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்று மாப்பிள்ளை மறக்கக் கூடாது என்று அப்பா பகிடி விட்டார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வீட்டில் நாங்கள் நாலு வருசம் கூட வாழவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழத் தொடங்கியதும் மகன் ராகுலனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பூட்டவும் இல்லை. தலைக்கு மேல் கூவிக்கொண்டு போகும்போது பூட்டை யார் தேடுவது? பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் ஆமி எடுத்து முள்ளுக்கம்பி அடித்தது. பாதுகாப்பு வலயம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். சண்டை முடிந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று நிலம் விட்டார்கள். எங்கள் ஒழுங்கைப் பக்கம் மட்டும் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு முறை கோயில் திருவிழாவுக்கு ஆமி பஸ்ஸில் ஆட்களை உள்ளே ஏற்றிப் போனபோது இவரும் போனார். எங்கள் ஒழுங்கை வாயில் ஆமி வழியை மறித்துப் போட்ட மறிச்சுக்கட்டை இருந்தது. அதற்கு அங்கால் ஒரு வீடும் இல்லை, எல்லாவற்றையும் இடித்துப்போட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார். இவர் அதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, மண் இருந்தால் காணும், அது போதும் என்றார். மண்ணிலயோ படுக்கிறது என்று நான் கேட்டேன்.

ஒவ்வொரு தேர்தலும் முடிய இவர் சொல்வது ஒன்றுதான், இந்த முறை ஆமி போயிடும். எத்தனை ஆட்சி மாறினதோ அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். நான் பருப்பைக் கிளறிக்கொண்டே ஓம் ஓம் என்பேன். ஆனால் கடைசியாக நடந்த தேர்தலில் இவருக்கு ஏறினது வேறு மாதிரி விசர். தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தெற்குக் கட்சி ஆட்களுக்குப் புள்ளடி போட்டார். போட்டதோடு விட்டாரா? சலூனில், மீன் சந்தையில், கோயில் வீதியில் என்று கண்ட இடமெல்லாம் வாய் கிழியக் கதைத்தார். இவர்கள் பழைய ஆட்கள் மாதிரி இல்லை, வடக்குச் சனமே அவர்களுக்கு வாக்குப் போட்டிருக்கிறது, நிலத்தை விடாமல் இருக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். எங்கேயோ ஒரு வீதியைத் திறந்தார்கள் என்று செய்தி வந்த அன்று எனக்கு மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். என்னிடம் ஒரு சொல் கேட்காமல், ஹாஜியாரின் மகன் அஸாமிடம் போய், சித்திரை வருசப்பிறப்பு முடிய வீட்டை விடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். அஸாமும் நல்ல பிள்ளை, இரண்டு தரம் கேட்டிருக்கிறான். இவர் உறுதியாகச் சொல்லவும், தன் தங்கச்சி குடும்பத்தை இங்கே கொண்டுவர ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டான். ஆமி போகுமோ போகாதோ என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இருக்கிற கூரையையும் கையால் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற மனிசனை என்ன செய்வது?

உண்மையைச் சொல்லுகிறேன். எனக்குப் போக விருப்பமில்லை. வெள்ளவத்தையிலேயே எனக்கு வயதாகிவிட்டது. சந்தைக்குப் போனால் மீன்காரன் நான் கேட்காமலே செவுளைத் தூக்கிக் காட்டுவான். பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில் கொஞ்சம் நடப்பேன். முழங்காலுக்குப் பார்க்கிற டொக்டர் பாமன்கடையில் இருக்கிறார். கனடாவில் இருந்து ராகுலனும் அதையேதான் சொன்னான், இருந்த இடத்தில் இருங்கோ அம்மா என்று. அதனால் ஆமி போகக்கூடாது என்று நான் வேண்டினேன் என்று நினைக்க வேண்டாம். வேண்டவில்லை. போகட்டும் என்றும் வேண்டவில்லை. அந்த இடத்தைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மாக்ரெட்டும் நானும் கொழும்புக் கோட்டையில் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்து ஒன்றாக பென்சன் எடுத்தவர்கள். அவளுடைய மகள் டில்ஷானிக்குத் தை மாதம் கலியாணம். அந்த நேரம் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அதனால் ஒரு நல்ல சேலையும் கேக்கும் வாங்கிக்கொண்டு பிறகு போய்ப் பார்க்கப் போனோம். மாக்ரெட்டின் மனிசன் நோபேட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாசலிலேயே இவரைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் முன்னறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்ததும் அரசியல் தொடங்கிவிட்டது. அந்தோனியார் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு என் மனிசன், இன்னும் ஒரு வருசத்துக்குள் வடக்கில் ஒரு முகாம் இருக்காது என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நோபேட் நல்ல மனிதர், வந்தவரை மறுத்துக் கதைக்க மாட்டார். இருக்கும் அண்ணே, இருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு பற்றிஸ் தட்டை இவர் பக்கம் தள்ளினார்.

டில்ஷானி என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு இருந்தாள். சின்ன வயதில் இருந்தே என்னில் வாரப்பாடு. அவளும் மாப்பிள்ளை றொஹானும் கலியாணம் முடிந்து யாழ்ப்பாணம் பார்க்கப் போயிருந்தார்களாம். நல்லூர் பார்த்தோம், கோட்டை பார்த்தோம், ஐஸ்கிறீம் குடித்தோம் என்று போனை என் மடியில் வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். நான் வடையைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். றொஹானின் கந்தோரில் ஒருவருடைய தம்பி ஆமியில் இருக்கிறாராம். அவர் மூலம் கடற்கரைப் பக்கம் ஒரு ஆமி பங்களாவில் அறை எடுத்துத் தங்கினார்களாம். அவ்வளவு துப்பரவு ஆன்ட்டி, காலையில் கடல் சத்தத்தில்தான் எழும்பினோம் என்றாள்.

அடுத்த படத்தில் அவள் ஒரு கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் யன்னல். யன்னல் கம்பியில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ‘பா’.

வாயில் இருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது என்ன, என் பெயர் ஏன் இந்தப் பிள்ளையின் போனில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு நிலத்தைப் பார்த்தேன். பச்சை. அப்பா தேய்க்க வைத்த பச்சை. கட்டில் காலடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. ராகுலன் வயிற்றில் இருந்தபோது நான் அம்மிக் குழவியைக் கைதவறிப் போட்ட இடம் அது. கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டில்ஷானி தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனாள். எல்லா யன்னலிலும் அந்த எழுத்து இருக்கிறதாம். இது முந்தி பாலர் பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்று றொஹான் சொன்னானாம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஏதோ ஒன்று முகத்தில் நடந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரைப் பற்றி நான் கந்தோரில் கூட வாய் திறந்ததில்லை. ஊர் யாழ்ப்பாணம் என்பதற்கு மேல் மாக்ரெட்டுக்கே தெரியாது.

அடுத்து எனக்கு வந்தது சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோசம்தான். வீடு நிற்கிறது! இடிக்கவில்லை! இஞ்ச பாருங்கோ, வீடு இருக்குதப்பா என்று அந்த அறை முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போல் இருந்தது. நினைக்காமல் இருக்கப் பழகியவள், அந்தப் படத்தை முத்தம் கொடுக்கிற அளவுக்குக் கிட்டப் பிடித்தேன். டில்ஷானி கண்ணாடி வேணுமா ஆன்ட்டி என்று கேட்டாள்.

கிட்டப் பிடித்துப் பார்த்ததால்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. சுவர்கள் புது வெள்ளை. என் கட்டில் கிடந்த பக்கத்துச் சுவரில் பெரிய ரீவி. அதற்கு மேலே மணிக்கூடு. கதவுக்குப் பக்கத்தில் யானைப் படம் ஒன்று, அதற்கு அங்கால் துவாய் மாட்டும் கம்பி, சிங்களத்தில் எழுதிய ஒரு பலகை. நான் இருந்தபோது அந்தச் சுவரில் என் மாமனாரின் படம் ஒன்றுதான் தொங்கியது. இப்போது ஒரு கை வைக்க இடமில்லை. யன்னலுக்கு மேலே ஒரு ஏசி. பளபளவென்று புத்தம் புது ஏசி.

ஏசி புதிதா பிள்ளை என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் இந்தப் பெட்டை, அங்கிளும் யாழ்ப்பாணம் தானே, காட்டுறேன் என்று போனைப் பறித்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். வேண்டாம் என்று கையை நீட்டினேன். அவள் அதைக் காணவில்லை.

இவர் அப்போதும் கையை நீட்டிக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். கதையை நிறுத்தாமலே போனை வாங்கினார். பார்த்தார். கை நீட்டியபடியே நின்றது. நோபேட் அடுத்த கேள்வி ஏதோ கேட்டார், இவர் காதில் விழவில்லை. நான் இவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல் குழம்பவில்லை. இவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் முதலில் யன்னலைப் பார்த்தேன். இவர் முதலில் சுவரைப் பார்த்தார்.

"ஏசி புதுசோ, பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக இவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"ஓ அங்கிள், எல்லாமே புதுசு. நாங்க போனதுக்கு முந்தின கிழமைதான் கொண்டுவந்து பூட்டினாங்களாம். பெயின்ட் மணம் கூட போகல்ல. பக்கத்துல இன்னும் ரூம் கட்டுறாங்க, அடுத்த வருசம் வந்தா அதுல தாறோம்னு சொன்னாங்க."

இவர் தலையை ஆட்டினார். "நல்ல இடம்" என்றார். போனை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு நோபேட் பக்கம் திரும்பி, நாங்கள் வெளிக்கிடப் போகிறோம் என்றார். மாக்ரெட் குசினியில் இருந்து ஓடி வந்து, சாப்பாடு ஆகிவிட்டது, என்ன அவசரம் என்று மறித்தாள். எனக்குத் தலையிடி என்றேன். அது பொய்யில்லை.

திரீவீலர் பிடித்து வெளிக்கிட்டோம். கொச்சிக்கடையில் கோயில் சனத்துக்குள் மாட்டுப்பட்டு நின்றோம். எனக்கு நெஞ்சுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. புது ஆட்சி வந்தது கார்த்திகையில். இந்த ஏசியைப் பூட்டியது தையில். போகப்போகிறவன் ஏசி பூட்டுவானா? சுவரில் மணிக்கூடு மாட்டுவானா? அடுத்த வருசம் வா என்று ஆட்களைக் கூப்பிடுவானா? போகப்போகிற மனிசன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருசத்துக்கு மேல் அப்படி ஒரு மனிசனோடுதான் குடும்பம் நடத்துகிறேன். ஒரு ஆணி அடிக்க விட்டாரா?

அந்தக் கணக்கு இவருக்கும் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. இவர் ஏதாவது சாட்டுச் சொல்லுவார், இது சின்ன ஆட்களின் வேலை, மேலிடத்துக்குத் தெரிந்தால் விடமாட்டார்கள் என்று ஏதாவது ஒன்று கண்டுபிடிப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அப்படித்தானே. பம்பலப்பிட்டி தாண்டியும் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கூடக் கழற்றாமல் அஸாமுக்குப் போன் எடுத்தார். நாங்கள் போகவில்லை, இங்கேயே இருக்கிறோம், தங்கச்சிக்கு வேறு இடம் பார்க்க முடியுமா என்று கேட்டார். அஸாம் என்ன சொன்னானோ, இவர் திரும்பத் திரும்ப, மன்னித்துக்கொள்ள வேணும் தம்பி என்றார். நான் இந்த வார்த்தைக்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்? இங்கேயே இருக்கிறோம் என்று ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்று எத்தனை வருசம் சண்டை பிடித்தேன்? சொல்லிவிட்டார். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நான் குளித்து விளக்கு வைக்க வந்தபோது ஆளைக் காணவில்லை. காலி வீதிக்குப் போயிருப்பார், பேப்பர் வாங்க என்று நினைத்தேன். வரும்போது கையில் பேப்பர் இல்லை. கடதாசிப் பை ஒன்று இருந்தது. மேசையில் வைத்துத் திறந்தார். ஒரு சுத்தியல், ஒரு பொட்டலம் ஆணி. எங்கள் வீட்டில் சுத்தியல் இல்லை. எதற்கு இருக்க வேணும்?

அலுமாரியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கலியாணப் படத்தை வெளியே எடுத்தார். கண்ணாடியைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தார். நான் அந்தப் படத்தில் குனிந்துகொண்டு நிற்கிறேன். இவர் பெரிய மீசையோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்குப் பின்னால் யன்னல் ஒன்று தெரிகிறது. இவ்வளவு காலமும் சேலைக்குள் கிடந்ததால் நானும் அதைக் கவனிக்கவில்லை. வட்டம் பாதிதான் விழுந்திருக்கிறது.

"எங்க அடிக்கவேணும் எண்டு சொல்லு, பாலேஸ்" என்றார். "நீ எத்தினை நாளாக் கேட்டனி."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு வந்த தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். நான் இடம் காட்டுவதற்குள் இவராகவே ஸ்டூலில் இருந்த சாமிப் படங்களைக் கதிரைக்கு மாற்றிவிட்டு, ஸ்டூலில் ஏறினார். ஆணியைச் சுவரில் வைத்து ஒரு அடி அடித்தார். பழைய சுவர், சாந்து பொருபொருவென்று கொட்டியது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் போனது.

இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினபோது, நான் இவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எப்படி அந்தப் பக்கம் போனேன் என்று எனக்கே தெரியாது.

"அடிக்காதேங்கோ" என்றேன்.

நீதானே கேட்டாய் என்பது போல் இவர் என்னைப் பார்த்தார். இறங்கச் சொன்னேன். இறங்கினார். சுத்தியலைக் கையில் இருந்து கழற்ற வேண்டியிருந்தது, அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார். ஸ்டூலில் குந்தினார். குந்தினதும் தோள் ரெண்டும் ஆடத் தொடங்கியது. என் மனிசன் அழுது நான் கண்டதே இல்லை. ஷெல்லுக்குள் ஓடி வந்தபோதும் அழாதவர், அப்பா செத்தபோதும் அழாதவர்.

"அவங்கள் போகமாட்டாங்கள், பாலேஸ்" என்றார். "ஆர் வந்தாலும் போகமாட்டாங்கள். நான்தான் விசரன்."

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இவரில் இல்லை. என் கட்டில் கிடந்த இடத்தில் கட்டில் போட்டு, என் மாமனார் தொங்கிய சுவரில் யானையை மாட்டி, என் பெயர் போட்ட யன்னலைத் திறந்து, கடல் காற்று நல்லது என்று வருகிறவனுக்கெல்லாம் சாவி கொடுக்கிறார்கள். நாசமாய்ப் போவார்! நானும் இவ்வளவு நாளும் வெள்ளவத்தை மீனும் முழங்கால் டொக்டரும் போதும் என்று இருந்துவிட்டேன். இவர் ஒருவர்தான் அந்த வீட்டை ஒவ்வொரு நாளும் ஆணி அடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் தன்னுடையது இல்லை, என்னுடையது. அப்பா யன்னல் முழுக்க எழுதி வைத்தது இவர் மறக்கக் கூடாது என்று. மறக்கிறவள் நானாக இருந்தேன்.

"அவங்கள் அங்க என்ர சுவரில அடிக்கட்டும்" என்றேன். "நீங்கள் இஞ்ச அடிச்சியள் எண்டால், சரி, வைச்சிருங்கோ எண்டு நாங்களே சொன்ன மாதிரி."

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். சித்திரைக்கு வெளிக்கிடுகிறோம் என்றேன். எங்கே என்று கேட்டார். வீட்டைத் தரமாட்டார்களே, எங்கே போய் இருப்பது என்று. தெல்லிப்பளையில் ஒரு அறை எடுப்போம், அங்கிருந்து அந்த ஒழுங்கை கிட்டத்தானே என்றேன். காலையில் ஒரு குடையையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு அந்த மறிச்சுக்கட்டைக்குப் போவேன். விட்டால் உள்ளே போவேன். விடாவிட்டால் அங்கேயே கதிரை போட்டு இருப்பேன். அறை எடுத்துத் தங்க வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகவேணும். ஒவ்வொருத்தருக்கும் அந்த எழுத்து என்ன என்று நான் சொல்லுவேன். முழங்கால் நோகும் என்றார். நோகட்டும் என்றேன்.

அஸாமுக்கு நானே போன் எடுத்தேன். மகன், அங்கிள் நேற்றுச் சொன்னதை விடு, உன் தங்கச்சியைச் சித்திரைக்கு வரச்சொல் என்றேன். அவன், ஆன்ட்டி, நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க என்று கேட்டான். ஓம் என்றேன். பிறகு கலியாணப் படத்தைச் சேலைகளுக்கு நடுவில் திரும்ப வைத்தேன். சாமிப் படங்களை ஸ்டூலுக்குக் கொண்டுவந்து சாய்த்து, விளக்கை ஏற்றினேன்.

சுவரில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. நிலத்தில் கொட்டின சாந்தைக் கூட்டி அள்ளினேன். குளியலறைக்குப் போய்ப் பற்பசையை எடுத்துக்கொண்டு வந்து, விரலால் அந்த ஓட்டைக்குள் வைத்து அமத்தி, ஈரத்துணியால் சுற்றித் துடைத்தேன். இவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார்.

"போகப்போற வீடு" என்றேன். "சுவரைப் பழுதாக்கக் கூடாது."